பெரோமோன் பொறி: எந்தப் பூச்சிக்கு எந்த மூலக்கூறு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பின் படுவான்கரையில் வெள்ளாமை செய்பவர் கேட்பது ஒன்று, எழுவான்கரையில் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிக்கும் பிள்ளை கேட்பது வேறொன்று. ஆனால் இரண்டுக்கும் பதில் பொறிக்குள் தொங்கும் சின்ன றப்பர்த் துண்டில்தான் இருக்கிறது. கடைக்காரர் "லூர்" என்று சொல்லித் தருவாரே, அதுதான். அதில் ஊறியிருக்கும் மூலக்கூறு என்ன வடிவம் என்பதைப் பொறுத்தே எல்லாம். ஆகவே கேள்விகளைப் பிரிக்காமல் கலந்தே போட்டிருக்கிறேன். இரசாயனப் பெயர்கள் வேண்டாதவர்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போனாலும் விசயம் விளங்கும்.

தம்பி, இது என்ன மருந்து? பூச்சி இதைக் குடித்துச் சாகுமா?

மருந்தே இல்லை ஐயா. இரவில் பெண் அந்துப்பூச்சி ஒரு தாளில் அமர்ந்து, வயிற்று நுனியிலுள்ள சுரப்பியை வெளியே நீட்டி, ஆணை அழைக்க ஒரு வாசத்தைக் காற்றில் விடும். அதுதான் பெரோமோன். நம் மூக்குக்கு அது எட்டாது. ஆண் அதைத் தலையிலுள்ள உணர்கொம்பால் பிடித்து, காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து பறந்து வரும். லூரில் இருப்பது ஆய்வுகூடத்தில் செய்த அதே வாசம். வந்த ஆண் பெண்ணைக் காணாமல் சுற்றிச் சுற்றி, பொறிக்குள் இருக்கும் தண்ணீரிலோ பசையிலோ பையிலோ விழுந்து சாகும்.

இதில் மறக்கக் கூடாதது: பெண் அந்து வராது, புழுவும் வராது. தண்டுக்குள் இருக்கும் புழுவுக்கு இந்த வாசத்தால் ஒன்றும் நடக்காது.

கத்தரிக்கு வாங்கிய லூரை வயலில் வைத்தேன், ஒன்றும் விழவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெண் விடும் வாசத்தின் முக்கிய பொருள் 16 காபன் கொண்ட ஒரு நீளச் சங்கிலி. ஒரு முனையில் அல்டிகைட்டுக் கூட்டம், 11ஆம் காபனில் ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்தப் பிணைப்பின் இரு பக்கச் சங்கிலியும் ஒரே புறமாக இருப்பதால் அது இசட் (Z) வடிவம். பள்ளிக்கூடத்தில் சிஸ் என்று படித்தது. முழுப் பெயர் இசட்-11-ஹெக்சாடெசீனல்.

கத்தரிக் குருத்தையும் காயையும் துளைக்கும் பூச்சிக்கும் அதே 16 காபன், அதே 11ஆம் இடம். ஆனால் இரட்டைப் பிணைப்பு ஈ (E) வடிவம், அதாவது திரான்ஸ். முனையில் அல்டிகைட்டுக்குப் பதிலாக அசற்றேற்று. பெயர் ஈ-11-ஹெக்சாடெசீனைல் அசற்றேற்று. 1980களின் பிற்பகுதியில் இதைக் கண்டறிந்தவர்களில் இலங்கை ஆய்வாளர்களும் உண்டு. அதே சங்கிலியின் அற்ககோல் வடிவத்தை நூற்றில் ஒரு பங்கு கலந்தால் வயலில் பொறி நன்றாகப் பிடிக்கும் என்பது பின்னால் தெரிய வந்தது.

கோவாவைத் தின்னும் வைர முதுகு அந்துக்கும் 16 காபன், 11ஆம் இடம்தான். அது இசட் வடிவம். அல்டிகைட்டும் அசற்றேற்றும் சேர்ந்து வரும்.

மூன்று பூச்சிக்கும் எலும்புக்கூடு ஒன்றே. பிணைப்பு எந்தப் பக்கம் மடிகிறது, முனையில் என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கத்தரி லூர் வயலில் கூப்பிட்டது கத்தரிப் பூச்சியை. வயலில் அது இல்லை. தண்டு துளைப்பானின் காதில் அந்த அழைப்பு விழவே இல்லை.

இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது, எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்ததும் அதுதான். தண்டு துளைப்பானின் வாசத்தில் இரண்டு பொருட்கள்: சற்று முன் சொன்ன இசட்-11 அல்டிகைட்டு மூன்று பங்கு, இசட்-9 அல்டிகைட்டு ஒரு பங்கு. தக்காளி, மிளகாய், துவரை என்று எல்லாவற்றையும் துளைக்கும் ஹெலிகோவேர்ப்பா அந்துக்கும் இதே இரண்டு பொருட்கள்தான், வேறெதுவும் தேவையில்லை. ஆனால் அதன் அளவு ஏறத்தாழ 97க்கு 3. பொருள் ஒன்று, விகிதம் வேறு, பூச்சி வேறு. விகிதம் தெரியாமல் "அதே கெமிக்கல்தானே" என்று மலிவாக ஒன்றை வாங்கினால் பொறி வெறுமையாகத்தான் கிடக்கும்.

ஆகவே கடையில் "பெரோமோன் லூர் இருக்கா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பயிர், எந்தப் பூச்சி என்று சொல்லிக் கேளுங்கள். பைக்கற்றில் பூச்சியின் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிஸ், திரான்ஸ் எல்லாம் பரீட்சைக்குத்தானே? பூச்சிக்கு அது உண்மையிலேயே தெரியுமா?

நமக்குக் கருவி வேண்டும், பூச்சிக்கு வேண்டாம். இந்தக் கதை பட்டுப்பூச்சியில் தொடங்கியது. ஜேர்மன் இரசாயனவியலாளர் அடோல்ஃப் பியூட்டனாண்ட், மனிதப் பாலியல் ஓமோன்களுக்காக 1939இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் குழுவினரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, ஐந்து இலட்சம் அளவிலான பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்து, 1959இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். பொம்பிகோல் என்று பெயர். 16 காபன் அற்ககோல். 10ஆம் இடத்திலும் 12ஆம் இடத்திலும் இரட்டைப் பிணைப்பு. பெரோமோன் என்ற சொல்லும் அதே ஆண்டில்தான் பிறந்தது.

இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒவ்வொன்றும் ஈ அல்லது இசட். ஆக நான்கு கேத்திரகணிதச் சமபகுதியங்கள். நான்கையும் தொகுத்துச் செய்து ஆண் பூச்சிக்குக் காட்டினார்கள். 10இல் ஈ, 12இல் இசட் இருந்த ஒன்றுக்குத்தான் ஆண் மிகச் சிறிய அளவிலேயே சிறகடித்தது. மற்ற மூன்றும் அதே வேலையைச் செய்ய ஆயிரக்கணக்கான மடங்குக்கும் மேல் வேண்டியிருந்தது. மூலக்கூற்றுச் சூத்திரம் நான்குக்கும் ஒன்றே என்பதை நினைவில் வையுங்கள். இரசாயனவியல் ஆசிரியர்கள் கேத்திரகணிதச் சமபகுதியத்துக்கு மலெயிக்கமிலம், பியூமரிக்கமிலம் என்று எழுதிப்போடுவதோடு இதையும் எழுதிப்போட்டால் பிள்ளைகளுக்கு நித்திரை வராது.

காரணம் ஆணின் கொம்பில் இருக்கிறது. அதிலுள்ள மயிர்களில் நுண்துளைகள் உண்டு. உள்ளே போகும் மூலக்கூறை ஒரு புரதம் ஏந்திக்கொண்டு நரம்புக் கலத்தின் வாங்கிப் புரதத்திடம் சேர்க்கும். அந்த வாங்கியில் ஒரு குழி. சங்கிலியின் நீளம், மடிப்பு, முனை மூன்றும் குழிக்குப் பொருந்தினால்தான் நரம்பு துடிக்கும். இசட் வடிவத்தில் சங்கிலி அந்த இடத்தில் வளைந்து நிற்கும். ஈ வடிவத்தில் கிட்டத்தட்ட நேராகப் போகும். நேரானது வளைந்த குழிக்குள் சரியாக அமராது. சரியாகப் பொருந்தினாலோ, பொம்பிகோலின் ஒரேயொரு மூலக்கூறு ஒரு நரம்புத் துடிப்பை எழுப்பப் போதும்.

முனையை மாற்றினால் என்ன ஆகும்? பொம்பிகோலின் அற்ககோல் முனையை ஒட்சியேற்றினால் பொம்பிகல் என்ற அல்டிகைட்டு. பெண் பட்டுப்பூச்சி இதையும் சிறிதளவு விடுகிறது. ஆணிடம் அதற்கென்று தனி நரம்பும் தனி வாங்கியும் இருக்கின்றன. ஆனால் பொம்பிகல் ஆணை இழுப்பதில்லை, பொம்பிகோலின் கவர்ச்சியை அது தணிக்கிறது. இரண்டு ஐதரசன் அணுக்கள் போனதும் "வா" என்றது "நில்" என்றாகிவிட்டது.

கொம்பு துடித்தால் பூச்சி வரும் என்று அர்த்தமா?

இல்லை. கொம்பின் இரு முனைகளிலும் மின்வாய் வைத்து அளக்கும் முறையை டீட்ரிஷ் ஷ்னைடர் 1957இல் காட்டினார். இன்றும் புதிய பெரோமோன் தேடும்போது முதலில் செய்வது அதுதான். ஆனால் தடுக்கும் பொருளுக்கும் கொம்பு துடிக்கும், பொம்பிகல் போல. கடைசித் தீர்ப்பு வயலில், காற்றில்.

ஏன் எப்பவும் 16, 14, 12? 15, 13 ஏன் இல்லை?

அந்துப்பூச்சி இந்த வாசத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உடம்பில் உள்ள கொழுப்பமிலத்திலிருந்தே செய்கிறது. கொழுப்பமிலங்கள் இரண்டு இரண்டு காபனாகச் சேர்த்துக் கட்டப்படுபவை, ஆகவே இரட்டை எண். 16 காபன் பாமிற்றிக்கமிலத்தில் ஒரு நொதியம் 11ஆம் இடத்தில் இரட்டைப் பிணைப்பைப் போடும். 11 ஏன் அடிக்கடி வருகிறது என்பதன் இரகசியம் அதுவே. வேண்டுமானால் இன்னொரு நொதியம் அமில முனையிலிருந்து இரண்டு காபனை வெட்டும்: 16இல் 11ஆக இருந்தது 14இல் 9ஆகும். மறுபடி வெட்டினால் 12இல் 7. பிறகு முனையை அற்ககோலாகவோ அல்டிகைட்டாகவோ அசற்றேற்றாகவோ மாற்றுவதற்கு வேறு நொதியங்கள்.

நீளத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சங்கிலி சிறுத்தால் சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும். நீண்டால் காற்றில் ஏறாது. இரவு முழுக்க மெல்ல மெல்லப் பறந்துபோய், அதே நேரம் ஒரு இனத்துக்கென்று தனி அடையாளமும் காட்ட வேண்டும் என்றால், இடைப்பட்ட நீளம்தான் வசதி.

பொறியில் விழுந்தது தண்டு துளைப்பான் இல்லை. சிறகில் கறுப்புப் புள்ளி இல்லையே?

அது ஆண். முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தெளிவான கறுப்புப் புள்ளியோடு மஞ்சளாக இருப்பது பெண், நீங்கள் பழகியதும் அதுதான். ஆண் சிறியது, மங்கலான கபில நிறம், அந்தப் பெரிய புள்ளி கிடையாது. விளக்குப் பொறியில் இரண்டும் விழும், பெரோமோன் பொறியில் ஆண் மட்டும். "வேறு பூச்சி" என்று கொட்டிவிட்டு எண்ணாமல் விடுகிறார்கள். எண்ணுங்கள். நடுக்குருத்துக் காய்ந்த பிறகோ வெண்கதிர் வந்த பிறகோ ஓடித்திரிவதைவிட, அந்து எப்போது கூடுகிறது என்று அந்த எண்ணிக்கை முன்னதாகவே சொல்லிவிடும்.

சேனா புழுவுக்கு வைக்கும் லூரால் யானை வருமா? ஒருவர் சொன்னார்.

சிரிக்க வேண்டாம், இந்தக் கேள்விக்குள் ஒரு உண்மை இருக்கிறது.

சேனா புழு என்ற படைப்புழு 2018இல் இலங்கைக்குள் வந்து, அடுத்த பெரும்போகத்துக்குள் அம்பாறைச் சோளன் காணிகளைச் சீரழித்தது நினைவிருக்கும். அதன் பெண் விடும் கலவையில் முக்கியமானது இசட்-9-டெற்றாடெசீனைல் அசற்றேற்று, 14 காபன். அதோடு மிகச் சிறிதளவு இசட்-7-டொடெசீனைல் அசற்றேற்று, 12 காபன். சிறிதென்றாலும் அது இல்லாவிட்டால் ஆண் சரியாக வராது.

இந்த 12 காபன் பொருள்தான் வேடிக்கை. ஆசிய யானையில், சினைப்பருவத்தை நெருங்கும் பெண்ணின் சிறுநீரில் இருக்கும் பெரோமோனும் இதே மூலக்கூறுதான் என்று 1996இல் கண்டறியப்பட்டது. ஒரு பிணைப்புக்கூட வித்தியாசம் இல்லை. கொம்பன் தும்பிக்கை நுனியால் சிறுநீரைத் தொட்டு, மேல்வாயிலுள்ள உறுப்பில் வைத்துச் சோதிக்கும்.

அப்படியானால் குழப்பம் வராதா? அந்துக்கு இந்தப் பொருள் தனியாக ஒன்றும் சொல்வதில்லை, கலவையோடு வந்தால்தான் அர்த்தம். யானைக்கு அது ஒரு பெரும் சிறுநீர்க் குளத்தில் கிடைக்கும் சேதி. லூரில் இருக்கும் முழுக்கலவையே மில்லிகிராம் கணக்கு, அதில் இது சிறு பங்கு, அதுவும் வாரக்கணக்கில் கசிவது. வட்டைக்குள் யானை இறங்குவது நெல்லுக்கும் சோளனுக்கும்தான். பொறியைக் கழற்றி அதைத் தடுக்க முடியாது.

அறக்கொட்டியானுக்கு லூர் வாங்கலாமா?

இல்லாததை வாங்க முடியாது. அந்தத் தத்தி தன் வயிற்றை ஆட்டி நெற்தாள் வழியாக அதிர்வு அனுப்பித்தான் துணையைக் கூப்பிடுகிறது. தூரத்திலிருந்து இழுக்கும் வாசம் அதன் வழக்கமில்லை. யாராவது "அறக்கொட்டியான் பெரோமோன்" என்று நீட்டினால் காசைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

தென்னையில் செவ்வண்டுக்கும் கருவண்டுக்கும் வைப்பதும் இதே வகையா?

உறவுதான், ஆனால் வேறு வகை. செவ்வண்டில் வாசம் விடுவது ஆண், வருவது ஆணும் பெண்ணும். ஆகவே அது கூட்டம் சேர்க்கும் பெரோமோன். பெண்ணும் விழுவதால் இந்தப் பொறி முட்டையையே குறைக்கிறது, அந்துப் பொறியைவிட நேரடிப் பலன் உண்டு. முக்கிய பொருள் 4-மெதைல்-5-நொனனோல். கருவண்டுக்கு ஈதைல் 4-மெதைலொக்டனோயேற்று என்ற எசுத்தர்.

மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம். 4-மெதைல்-5-நொனனோலில் 4ஆம், 5ஆம் காபன்கள் இரண்டும் சமச்சீரற்றவை, ஆகவே நான்கு திண்மச் சமபகுதியங்கள். வண்டு செய்வது 4எஸ், 5எஸ் ஒன்றை மட்டும். தொழிற்சாலையில் நான்கும் கலந்தே வரும், பிரிப்பது செலவு. நல்ல காலம், மற்ற மூன்றும் செவ்வண்டைத் தடுப்பதில்லை, அதனால் கலவையையே மலிவாகப் பாவிக்கலாம்.

எல்லாப் பூச்சியும் இவ்வளவு தாராளமில்லை. ஜப்பானிய வண்டின் பெரோமோன் ஒரு லக்ரோன் வளையம். ஆர் வடிவம் ஆணைக் கூப்பிடும், அதன் கண்ணாடி விம்பமான எஸ் வடிவம் சிறிதளவு கலந்தாலே ஆண் வராது. ஒலிவ் பழ ஈயில் இன்னும் விநோதம்: ஒரே மூலக்கூறின் ஆர் வடிவத்துக்கு ஆண் வரும், எஸ் வடிவத்துக்குப் பெண் வரும்.

செவ்வண்டுப் பொறியில் லூரோடு புளிக்க வைத்த பழமோ தென்னையின் துண்டோ போட வேண்டும். லூர் மட்டும் என்றால் அரைவாசி வேலை.

துளசிக்குப் பழ ஈ வருகிறதே, துளசியில் பெரோமோனா?

மாங்காய், கொய்யாவில் குத்தும் பழ ஈயின் ஆணை இழுப்பது மெதைல் யூஜினோல். துளசி உட்படப் பல செடிகளில் உண்டு. இது பெரோமோன் இல்லை, ஆனால் ஆண் இதைத் தின்று உடம்பில் மாற்றித் தன் பெரோமோனுக்குச் சேர்த்துக்கொள்கிறது. 1912இலேயே இந்தியாவில் ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் சித்திரநெல்லா எண்ணெய்க்கு ஆண் ஈக்கள் மொய்ப்பதைக் கண்டு எழுதினார். காரணம் மெதைல் யூஜினோல் என்பது அதன் பின்னர் தெரிந்தது. கராம்பெண்ணெயில் உள்ள யூஜினோலின் ஐதரொட்சில் முனையில் ஐதரசனுக்குப் பதிலாக ஒரு மெதைல் வந்தால் அதுவே மெதைல் யூஜினோல். அந்த ஒரு மெதைல் இல்லாத யூஜினோலுக்கு ஈ பெரிதாக வருவதில்லை, கராம்பெண்ணெய் தெளித்துக் காத்திருக்க வேண்டாம்.

பாகல், புடோலைக் குத்தும் ஈக்கு இதுவும் பலிக்காது. அதற்குக் கியூ லூர் என்ற வேறொன்று.

லூரை வீட்டு யன்னலில் வைத்திருந்தேன், பழுதாகிவிடுமா?

ஆகும், குறிப்பாகத் தண்டு துளைப்பான் லூர். அல்டிகைட்டு முனை காற்றில் ஒட்சியேறி அமிலமாகும். அமிலத்துக்கு ஆண் வராது. பொம்பிகோல் போல அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ளவை வெயிலில் வடிவம் மாறி, ஈ இசட் விகிதம் குலைந்துவிடும். காற்றுப்புகாத பைக்கற்றில், குளிர்சாதனப் பெட்டியில், முடிந்தால் உறைபெட்டியில் வையுங்கள். பைக்கற்றைப் பிரிப்பது பொறியடியில்.

அல்டிகைட்டின் இந்தப் பலவீனத்துக்கு இரசாயனவியலாளர்கள் 1970களில் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். இசட்-9-டெற்றாடெசீனைல் போமேற்று என்ற எசுத்தரை எழுதிப் பாருங்கள். போமேற்றின் காபனை 1 என்று எண்ணுங்கள், ஒட்சிசன் 2, பிறகு 14 காபன், மொத்தம் 16. இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் 9ஆவது காபனில், ஆக மொத்த எண்ணிக்கையில் 11ஆம் இடம். இசட்-11-ஹெக்சாடெசீனலின் உருவத்தில், ஒரு காபனுக்குப் பதில் ஒட்சிசன் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அல்டிகைட்டைவிட நிலையானது. ஹெலியோத்திஸ் இன அந்து உள்ள வயலில் அதைப் பரப்பியபோது ஆண்களால் பெண்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பூச்சி இதற்கும் பழகிப்போகுமா?

ஜப்பானில் நடந்திருக்கிறது. தேயிலையின் ஒரு இலைசுருட்டி அந்துக்கு, அதன் கலவையில் உள்ள இசட்-11-டெற்றாடெசீனைல் அசற்றேற்று என்ற ஒரு பொருளை மட்டும் ஆண்டுக்கணக்கில் தோட்டத்தில் பரப்பி இனச்சேர்க்கையைக் குழப்பினார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனதும் பலன் குறைந்தது. முழுக்கலவையையும் பரப்பியதும் மீண்டும் பலித்தது. ஒரு மூலக்கூறை ஒதுக்கக் கற்ற ஆணால் தன் பெண்ணின் முழு வாசத்தையும் ஒதுக்க முடியவில்லை.

அப்படியானால் பொறி வைத்தால் மருந்தடிப்பதை நிறுத்தலாமா?

அந்துவுக்கு என்றால், பொறியை நம்பி மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு ஆண் பல பெண்களோடு சேரும்; பொறிக்குத் தப்பிய சில ஆண்களே போதும். பக்கத்து வட்டையில் சேர்க்கை முடித்த பெண் உங்கள் வயலுக்குப் பறந்து வந்து முட்டையிடும். நாலு பேர் சேர்ந்து ஒரே கண்டத்தொகுதி முழுக்க வைத்தால் கதை மாறும், தனியாள் ஒரு ஏக்கரில் வைத்தால் அது எண்ணுவதற்கு மட்டும். எண்ணிக்கை குறைவாக இருக்கும் வாரத்தில் அடிக்காமல் விட்டால் அந்த மருந்துக் காசு மிச்சம். எந்த அளவு வந்தால் அடிப்பது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், பயிரின் வயதைப் பொறுத்து அது மாறும். கத்தரியில் பொறியோடு சேர்த்து வாடிய குருத்தை வெட்டி எரித்தால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

கையில் பட்டால் ஆபத்தா?

உங்களுக்கு இல்லை, லூருக்குத்தான். கத்தரி லூரைத் தொட்ட விரலால் வயல் லூரைத் தொட்டால் ஒன்றின் வாசம் மற்றதில் ஏறும், விகிதம் கெடும். கையுறை போடுங்கள், இல்லையென்றால் பைக்கற்றின் ஓரத்தைப் பிடித்தே கொளுவுங்கள். பழைய லூரை வயலோரம் எறியவும் வேண்டாம். அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், பொறிக்குப் போக வேண்டிய ஆண் அங்கே சுற்றும்.